ஐடஹோ சுகாதார மாவட்டங்கள்: பணம் யாருடையது, முடிவு யாருடையது?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தென்மேற்குப் பொதுச் சுகாதார மாவட்டத்தின் வாரியம் 2024 அக்டோபர் 22 அன்று கூடியது. மாவட்டத்தின் கிளினிக்குகளில் இனி கோவிட் தடுப்பூசி போடுவதில்லை என்ற தீர்மானம் 4-3 என்ற கணக்கில் நிறைவேறியது. தடுப்பூசி தொடர வேண்டும் என்று மாவட்டத்தின் மருத்துவ இயக்குநரே எடுத்துச் சொல்லியும் பலிக்கவில்லை. ஆடம்ஸ், கேன்யன், ஜெம், ஓவாய்ஹீ, பேயட், வாஷிங்டன் ஆகிய ஆறு கவுண்டிகளையும் (மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவுகள்) அந்த ஒற்றை வாக்கு கட்டிப்போட்டது.

எண்ணிக்கையில் பார்த்தால் இது பெரிய விஷயமில்லை. அந்தக் கிளினிக்குகளில் 2021இல் 1,601 தடுப்பூசிகள் போடப்பட்டன. 2024இல் தீர்மானம் வந்த நாள்வரை வெறும் 64. மற்றவர்கள் மருந்துக்கடையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மாவட்டக் கிளினிக்கை நம்பியிருந்தவர்களில் வீடற்றவர்களும், வீட்டை விட்டு நகர முடியாத முதியவர்களும் இருந்தார்கள்.

அந்த ஏழு பேரை அங்கே உட்கார வைத்தது யார்? மாவட்டம் ஓடுவது யார் பணத்தில்? கிராமப்புற மக்களுக்கான கூட்டுச் சுகாதார அமைப்பு எதற்கும் பொருந்தும் கேள்விகள் இவை. ஐடஹோவில் இவற்றுக்கான விடை 2021க்குப் பிறகு நிறையவே மாறியிருக்கிறது.

ஏன் ஒன்று சேர்ந்தார்கள்?

ஐடஹோவில் 44 கவுண்டிகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிளார்க் கவுண்டியில் 790 பேர், கமாஸ் கவுண்டியில் 1,077 பேர். இப்படிப்பட்ட ஒரு கவுண்டி தனக்கென்று ஒரு சுகாதார ஆய்வாளரையும், தொற்றுநோய் நிபுணரையும், செவிலியர் குழுவையும் வைத்துச் சம்பளம் கொடுக்க வழியே இல்லை. அதனால் 1970இல் மாநிலச் சட்டமன்றம் 44 கவுண்டிகளையும் ஏழு பொதுச் சுகாதார மாவட்டங்களாகச் சேர்த்தது. சிறிய மாவட்டத்தில் நான்கு கவுண்டிகள், பெரியதில் எட்டு.

இவை மாநில அரசின் துறைகள் அல்ல என்று சட்டமே சொல்கிறது. ஒரே ஒரு பணிக்காக உருவாக்கப்பட்ட தனி அரசு அமைப்புகள் இவை. ஆனால் சொந்தமாக வரி போடும் உரிமை கிடையாது. அடுத்தவர் தரும் பணத்தில்தான் காலம் தள்ள வேண்டும்.

வாரியத்தில் யார்?

மாவட்டத்தில் உள்ள எல்லாக் கவுண்டி ஆணையர்களும் சேர்ந்து வாரிய உறுப்பினர்களை நியமிக்கிறார்கள். பதவிக்காலம் ஐந்து ஆண்டு. ஒவ்வொரு கவுண்டிக்கும் குறைந்தது ஓர் இடம் உண்டு. கிடைத்தால் ஒரு மருத்துவரையும் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் மருத்துவத்திலோ பொதுச் சுகாதாரத்திலோ பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல இடங்களில் ஆணையர்களே உறுப்பினர்களாகவும் அமர்கிறார்கள். மக்கள் நேரடியாக வாக்களிப்பது ஆணையர்களுக்குத்தான். சுகாதார வாரியத்துக்கு அல்ல.

பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, செப்டிக் டேங்க் அனுமதி, உணவக உரிமம் போன்றவற்றுக்கு வசூலிக்கும் கட்டணம். இரண்டாவது, மத்திய, மாநில அரசுகளின் ஒப்பந்தப் பணம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான ஊட்டச்சத்துத் திட்டம் இந்த வகை. மூன்றாவது, கவுண்டிகளின் பங்களிப்பு.

கவுண்டிப் பங்கைப் பிரிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது: 70 சதவீதம் மக்கள்தொகையைப் பொறுத்து, 30 சதவீதம் வரிக்குரிய சொத்தின் சந்தை மதிப்பைப் பொறுத்து. மாவட்ட மக்களில் 10 சதவீதம் பேரும், சொத்து மதிப்பில் 30 சதவீதமும் ஒரு கவுண்டியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மக்கள்தொகைக்கு 7, சொத்துக்கு 9 என்று மொத்தப் பங்களிப்பில் 16 சதவீதம் அதன் தலையில் விழும். சன் வேலி பனிச்சறுக்கு விடுதிகளும் பணக்காரர்களின் மாளிகைகளும் உள்ள பிளெய்ன் கவுண்டி, தன் தலைக்கணக்குக்கு மேல் கொடுப்பது இதனால்தான்.

கொடுப்பதில்தான் இந்த ஏற்றத்தாழ்வு, வாக்கில் இல்லை. மாவட்டத்தின் வரவுசெலவைப் பொது விசாரணைக்குப் பின் முடிவு செய்வது ஒவ்வொரு கவுண்டியின் ஆணையர் குழுத் தலைவரும் அமரும் ஒரு குழு. பெரும்பான்மை வாக்கு போதும். கிழக்கு ஐடஹோ மாவட்டத்தில் 790 பேர் கொண்ட கிளார்க்குக்கும் ஒரு வாக்கு. ஏறத்தாழ 1,24,000 பேர் வாழும் பான்வில்லுக்கும் ஒரு வாக்கு. ஊர் கூடித் தேர் இழுக்கும் கணக்குதான். வடத்தில் யார் கை எத்தனை இருந்தாலும், எந்தத் தெருவில் திரும்புவது என்று பேசும்போது வீட்டுக்கு ஒரு குரல். அந்தச் சம உரிமை இல்லையென்றால் சின்னக் கவுண்டிகள் கூட்டணியில் மனமுவந்து நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

2021இல் என்ன மாறியது?

அதுவரை நான்காவதாக ஒரு வழியும் இருந்தது: ஒப்பந்தப் பணம் போக, மாநில அரசு நேரடியாகப் போட்ட பங்கு. கவுண்டிகள் 100 டாலர் கொடுத்தால் மாநிலம் குறைந்தது 67 டாலர் போட வேண்டும் என்பது சட்டம்.

ஏழைகளின் மருத்துவச் செலவு அப்போது கவுண்டிகளுக்குத் தனிச் சுமை. கட்ட வழியில்லாத ஒரு நோயாளியின் பில்லில் முதல் 11,000 டாலரைக் கவுண்டி ஏற்க வேண்டும்; மிச்சத்தை மாநிலம் ஏற்கும். 2018 நவம்பரில் ஐடஹோ வாக்காளர்கள் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்க ஒப்புதல் அளித்தார்கள். 2020 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்ததும் கவுண்டிகளின் அந்தச் சுமை பெருமளவு இறங்கியது.

2021இல் சட்டமன்றம் ஒரு கொடுக்கல் வாங்கல் செய்தது. ஏழைகளின் மருத்துவச் செலவிலிருந்து கவுண்டிகளை விடுவித்தது. பதிலுக்கு, சுகாதார மாவட்டங்களுக்கு மாநிலம் போட்டுவந்த பங்கை நிறுத்தி, அதையும் கவுண்டிகளே ஏற்கட்டும் என்றது. 2022 மார்ச் 1 முதல் இந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது.

வரவு செலவு நேராகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஒப்பந்தப் பணத்துக்குக் கடிவாளம் உண்டு. ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு வந்த பணத்தை எடுத்துக் கக்குவான் இருமல் பரவலைத் துரத்த முடியாது. எதிர்பாராத நோய்க்கும், யாரும் திட்டம் போட்டுப் பணம் ஒதுக்காத வேலைக்கும் கைகொடுப்பது கட்டுப்பாடற்ற பணம்தான். மாநிலம் விலகியதும் அந்தப் பணம் கவுண்டிகளிடமிருந்து மட்டுமே பெரிய அளவில் வர வேண்டியதாயிற்று. கவுண்டிகளோ தங்கள் அடிப்படைச் சொத்துவரி வசூலை ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது.

அன்றாடம் என்ன செய்கிறார்கள்?

செய்தியில் அடிபடுவது தடுப்பூசியும் முகக்கவசமும். மாவட்டத்தின் அன்றாட வேலையோ மண்ணோடும் தண்ணீரோடும். வடக்கே பான்ஹேண்டில் சுகாதார மாவட்டத்தைப் பாருங்கள். கெல்லாக் நகரில் இருந்த பங்கர் ஹில் ஈய உருக்காலையில் 1973இல் புகை வடிகட்டிக் கூடம் தீப்பிடித்தது. வடிகட்டி பழுதான பிறகும் ஆலை ஓடியது. சுற்றுவட்டாரக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அபாயகரமான அளவுக்கு ஏறியது. ஆலை 1981இல் மூடப்பட்டது. 1983இல் மத்திய அரசின் நச்சு நிலத் தூய்மைப் பட்டியலில் அந்தப் பகுதி சேர்ந்தது.

மேலே நல்ல மண் போட்டு மூடினாலும் அடியில் ஈயம் இருக்கிறது. எனவே இன்றும் அங்கே தோட்டத்தில் பெரிய பள்ளம் தோண்டவோ வீட்டின் உட்சுவரை இடிக்கவோ கிளம்பினால் முதலில் சுகாதார மாவட்டத்திடம் போக வேண்டும். அனுமதி தருவது, தோண்டிய மண்ணைக் கொட்ட இடம் காட்டுவது, ஈயத் தூசியை உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை இரவல் கொடுப்பது, குழந்தைகளின் ரத்தத்தைச் சோதிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அதே மாவட்டம் 1977இல் ராத்ட்ரம் சமவெளியில் ஐந்து ஏக்கருக்கு ஒரு செப்டிக் டேங்க்தான் என்று விதி போட்டது. அடியில் இருப்பது அந்த வட்டாரம் முழுவதற்கும் குடிநீர் தரும் நிலத்தடி நீர்த்தேக்கம். நிலத்தடி நீருக்குக் கவுண்டி எல்லை தெரியாது. கூட்டு மாவட்டம் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

உரசல் எங்கே?

2020 அக்டோபர் 22 அன்று இந்தப் பான்ஹேண்டில் வாரியம்தான் கூட்னே கவுண்டிக்கான முகக்கவச உத்தரவை 4-3 என்று ரத்து செய்தது. அங்குள்ள மருத்துவமனை 99 சதவீதம் நிரம்பிவிட்டது என்று அதே கூட்டத்தில் சொல்லப்பட்டிருந்தது. உத்தரவு ஒரு கவுண்டிக்கு. வாக்களித்தது ஐந்து கவுண்டிகளின் வாரியம். அதே ஆண்டு டிசம்பரில் பாய்சி நகரில், மத்திய மாவட்ட வாரிய உறுப்பினர்களின் வீட்டு வாசலில் போராட்டக்காரர்கள் திரண்டதால் இணையவழிக் கூட்டமே பாதியில் நின்றது.

உள்ளூர்ச் சுகாதாரத்தை உள்ளூர்ப் பிரதிநிதிகள் முடிவு செய்வதே ஜனநாயகம் என்பது இந்த ஏற்பாட்டை ஆதரிப்போர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேன்யன் வாக்காளர் தன் ஆணையரைத் தோற்கடிக்கலாம். ஆடம்ஸ் ஆணையரை அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பக்கத்து மாநிலமான வாஷிங்டன் அதே 2021இல் நேர் எதிர்த் திசையில் போனது. உள்ளூர்ச் சுகாதார வாரியங்களில் தேர்தலில் வென்றவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் மற்றவர்களும் இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அடிப்படைப் பொதுச் சுகாதாரத்துக்கான மாநில நிதியையும் பல மடங்கு உயர்த்தியது.

ஐடஹோவில் வாரியத்தை நியமிப்பவர், பட்ஜெட்டை முடிவு செய்பவர், கட்டுப்பாடற்ற பணத்தைத் தருபவர் எல்லாம் இன்று ஒருவரே: கவுண்டி ஆணையர். முன்பு மூன்றில் ஒன்றையாவது மாநிலம் பகிர்ந்துகொண்டது. அந்தப் பங்கு திரும்பி வந்தால் வாரியத்தின் எல்லா முடிவுகளும் மாறிவிடும் என்று சொல்ல முடியாது. 2020இல் மாநிலப் பணம் வந்துகொண்டிருந்தபோதும் அந்த 4-3 நடந்தது. ஆனால் அடுத்த நோய்ப் பரவல் வரும்போது, சொத்துவரி உச்சவரம்புக்குள் தவிக்கும் கவுண்டிகளின் சம்மதத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டிய நிலை மாவட்டத்துக்கு இருக்காது. அதுவரை ஐடஹோவில் சுகாதாரத்துக்கான தேர்தல் என்பது கவுண்டி ஆணையர் தேர்தல்தான். சாலை, சிறை, சொத்துவரி என்று யோசித்துப் போடும் வாக்கோடு தடுப்பூசியும் குடிநீரும் சேர்ந்தே தீர்மானமாகின்றன.