தாய்க்குப் புரியும் மருத்துவம்

உடல்நலம் பற்றிய உலக அறிவு இன்று இணையத்தின் வழியே கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. ஆயினும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆட்சிமொழிகள் ஆறனுள் தமிழ் இல்லை. அவ்வாறாயின், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் நம் பெண்கள் அவ்வறிவைப் பெறுவது எங்ஙனம்?

இக்கேள்விக்கு யாழ்ப்பாணம் முன்னரே விடை கண்டது. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் செய்ததோடு நம் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியமும் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். தமிழிற் கற்றோரே கிராமங்களில் தங்குவர் என அவர் கருதினார். ஆதலின், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார்.

அதற்கு நூல்கள் வேண்டுமன்றோ? உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறை நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார். வேண்டிய கலைச்சொற்களையும் வகுத்தார். பிள்ளைப்பேறு பற்றிய நூல் 1857இலேயே வெளிவந்தது.

இன்று அச்சுக்கூடமும் வேண்டியதில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்திற் பேணும் 'நூலகம்' 2005இல் தோன்றி, யாவரும் பொருள் கொடாது படிக்க வழிசெய்துள்ளது. குறைவாயிருப்பது எழுதுவோரே. மருத்துவம் பயிலும் நம் மாணவரும் மாணவியரும், தாய் சேய் நலம் பற்றிய நம்பத்தக்க குறிப்புகளைத் தமிழாக்கி, வைத்தியரிடம் காட்டித் திருத்தி வெளியிடுவார்களாக. புரியாத மொழியில் உள்ள அறிவுரை, பூட்டிய பெட்டியில் உள்ள மருந்தேயாகும்.