முங்கிக் கிடக்கும் பனி

ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு மெட்ரோலாக் தெரிந்திருக்கும். ஸ்டோரில் தண்ணீர் கலந்த பாலில் அதை மிதக்கவிட்டு, எதுவரை மூழ்குகிறது என்று பார்ப்பார்கள். பாலில் ரப்பர் கூடினால் அடர்த்தி குறையும். கருவி இன்னும் ஆழமாக இறங்கும். துருவக் கடலில் உறைந்து மிதக்கும் பனியின் தடிமனைக் கணக்கிடுவதும் இதே மிதப்பு விதியால்தான்.

கடல்பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே நிற்கும். 2 மீட்டர் தடிமன் என்றால் வெளியே தெரிவது 20 சென்டிமீட்டர் சொச்சம். முன்பெல்லாம் துளை போட்டு நாடாவை இறக்கி அளந்தார்கள். பிறகு அணுசக்தி நீர்மூழ்கிகள் அடியிலிருந்து ஒலியலை அனுப்பி அளந்தன. அந்தப் பதிவுகளை ஒப்பிட்டு 1999இல் வெளியான ஆய்வு திகைக்க வைத்தது: 1958–76 காலத்தில் 3.1 மீட்டராக இருந்த ஆர்க்டிக் பனியின் சராசரித் தடிமன், 1990களில் 1.8 மீட்டர்.

2010இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கிரையோசாட்-2 மேலிருந்து ரேடார் துடிப்புகளை அனுப்புகிறது. பனியின் மேற்பரப்பையும், வெடிப்புகளில் தெரியும் கடல்நீரையும் அளந்து, இரண்டின் உயர வித்தியாசத்தை எடுக்கிறது. அதில் 1 சென்டிமீட்டர் பிசகினால் தடிமனில் சுமார் 10 சென்டிமீட்டர் பிசகும்.

இதைவிடப் பெரிய தொல்லை, மேலே படியும் வெண்பனி. அதன் பாரத்தில் பனிக்கட்டி கீழே அமுங்கும். 20 சென்டிமீட்டர் வெண்பனியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அரை மீட்டர் தடிமன் காணாமல் போகும். இங்கேதான் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த சரல் செயற்கைக்கோள் கைகொடுத்தது. 2013 பிப்ரவரி 25 அன்று, பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அது கிளம்பியது. அதிலிருந்த ஆல்டிகா ரேடாரின் அலைநீளம் 8 மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் வெண்பனியின் மேற்பகுதியிலேயே பட்டுத் திரும்பிவிடும். கிரையோசாட்டின் 2 சென்டிமீட்டர் அலையோ வெண்பனியை ஊடுருவி அடியிலுள்ள கட்டியை நெருங்கும். இரண்டையும் கழித்தால் வெண்பனியின் ஆழத்தை மதிப்பிடலாம். கடல் அளக்கப் போன கருவி பனிக்கும் பயன்பட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அளக்க முடியாத நாள்களையும் இடங்களையும் கணினி மாதிரிகள் நிரப்புகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பயோமாஸ் (PIOMAS) என்ற மாதிரி, காற்றையும் வெப்பநிலையையும் வைத்து, பனி எங்கே உறைந்தது, எங்கே நொறுங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறியது என்று நாள்தோறும் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சரியா என்று உரசிப் பார்க்க மறுபடியும் அளவீடுதான் வேண்டும். ஆல்டிகாவின் பாதையோ 81.5 பாகை அட்சரேகையோடு நின்றுவிட்டது. துருவத்தைச் சுற்றிய பகுதி அதற்கு எட்டவில்லை. அதனால்தான் இரண்டு அலைநீளங்களையும் ஒரே செயற்கைக்கோளில் வைத்து, துருவத்துக்கு இன்னும் நெருக்கமாகச் செல்லும் கிரிஸ்டல் திட்டத்தை ஐரோப்பா தொடங்கியது.