புதுக் கார் தயங்கும்போது: கியர்பாக்ஸும் லெமன் சட்டமும்

ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகும் கார் ஒரு கணம் நின்று, பின்பு வெடுக்கென்று பாய்வதைத்தான் கியர்பாக்ஸ் தயக்கம் என்கிறார்கள். தீவு விரைவுச்சாலையில் இது தெரியாமலே போகலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலிருந்து சையது ஆல்வி சாலைக்குத் திரும்பும் நெரிசலில், ஊர்ந்தும் நின்றும் போகும்போது நன்றாகத் தெரியும்.

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களை மற்றொன்றும் தாங்குகின்றன. அடுத்து எந்தக் கியர் தேவைப்படும் என்பதைக் கணினி கணித்து முன்பே பூட்டி வைக்கிறது. நிற்கப்போவதுபோல் வேகத்தைக் குறைத்த ஓட்டுநர் சட்டென்று மீண்டும் மிதித்தால் அந்தக் கணிப்பு தவறுகிறது. திருத்திக்கொள்ளும் நேரமே தயக்கம். எண்ணெயின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஊர்ந்து செல்வதில் மென்மையானது. ஆனாலும் டர்போ அழுத்தம் சேரும் தாமதம், எரிபொருளை மிச்சப்படுத்தும் மென்பொருள், சிக்னலில் அணைந்த இன்ஜின் மறுபடி உயிர்பெறும் இடைவெளி ஆகியவையும் இதே உணர்வைத் தரும். அப்போது பழி கியர்பாக்ஸுடையதல்ல.

இயல்பையும் பழுதையும் பிரித்தறிவதே முதல் வேலை. தானாக அணையும் வசதியை நிறுத்தி, ஸ்போர்ட் முறையில் ஓட்டும்போது தயக்கம் மறைந்தால் அது பெரும்பாலும் அமைப்பின் குணம். கார் சூடேறிய பிறகே வருவது, உதறலோடு வருவது, எச்சரிக்கை விளக்கு எரிவது ஆகியவை பழுதின் அடையாளங்கள். வெப்பம் அற்ப விஷயமல்ல. 2013இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் கார்கள் ஏறத்தாழ 16 லட்சத்தை உலகெங்கும் திரும்ப அழைத்து எண்ணெயை மாற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில், செயற்கை எண்ணெயால் மின்கோளாறு நேரலாம் என்பதே காரணம். சிங்கப்பூரின் அன்றாடம் அதுதானே!

பட்டறையில் குளிர்ந்த காரைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து "இதெல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவது எளிது. அந்தப் பதிலை அப்படியே ஏற்கத் தேவையில்லை. தேதி, வேகம், ஓட்டிய தூரம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, சூடேறிய காரில் அதே பாதையில் மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வது நல்லது. லெங் கீ சாலை ஷோரூமில் நிற்கும் அதே மாடல் காரையும் ஓட்டிப் பார்ப்பதுதான் மிக வலுவான சோதனை. அதுவும் தயங்கினால் வடிவமைப்பு அப்படித்தான். இது மட்டும் தயங்கினால் வாதத்துக்கு வலு கூடுகிறது. மென்பொருளைப் புதுப்பித்து, கியர்பாக்ஸ் கற்றுக்கொண்ட பழக்கத்தை அழித்து மீட்டமைப்பதே பலமுறை போதுமானதாகிவிடும். ஒவ்வொரு வருகைக்கும் எழுத்துப்பூர்வமான வேலைச் சீட்டு வேண்டும். வாய்மொழி உறுதி பின்னர் உதவாது.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றிக் கொடுத்தல்; நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ, காரைத் திருப்பிப் பணம் பெறுவதோ. நிறுவனத் தொழிலுக்காக வாங்கிய காருக்கு இது பொருந்தாது.

வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டுகள், கார் பட்டறையில் கிடக்கும் நாள்களிலும் கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே ஆறு மாதக் கெடுவை வெறும் காத்திருப்பில் கழிப்பது பெரும் இழப்பு. பேச்சு பலிக்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் சமரசத்துக்கு உதவும். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரை விசாரிக்கும். விலைக் குறைப்புக்கு அது போதலாம். சொகுசுக் காரின் முழு விலையையும் திரும்பக் கேட்பவர் வழக்கறிஞரோடு உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும்.