இரண்டாம் இருக்கையின் விலை

அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து, ஒரே ஊருக்கு ஒரே நேரத்தில் பறக்கும் இருவரில் ஒருவர் 450 டாலரும் மற்றவர் 122 டாலரும் செலுத்தியிருப்பது அரிதன்று. இரண்டாமவருக்குக் கிடைத்த விலை துணைப் பயணிக் கட்டணம் எனப்படும். அதாவது, ஒரு குறிப்பிட்ட கடன் அட்டையை வைத்திருப்பவர் தமக்கான பயணச்சீட்டை வழக்கமான விலைக்கு வாங்கும்போது, தம்முடன் வருபவருக்கு நிலையான ஒரு சிறு தொகையும் வரிகளும் மட்டும் செலுத்தி இன்னொரு சீட்டைப் பெற்றுக்கொள்ளும் உரிமை அது. விமான நிறுவனம் இதைத் தன் வாடிக்கையாளருக்கு அளிக்கும் அன்பளிப்பாக விளம்பரப்படுத்துகிறது. ஆனால் இதன் கணக்கைத் தொடர்ந்து சென்று பார்த்தால், அதில் விமான நிறுவனத்தைவிட வங்கியும், வங்கியைவிடக் கடைவீதியில் பொருள் வாங்கும் பொதுமக்களுமே பெரும் பங்கு வகிப்பது தெரியவரும்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1978ஆம் ஆண்டில் இருக்கிறது. அதுவரை எந்த நிறுவனம் எந்த வழித்தடத்தில் என்ன கட்டணத்துக்குப் பறக்கலாம் என்பதை அமெரிக்க அரசே முடிவுசெய்துவந்தது. அவ்வாண்டில் நிறைவேறிய கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்தியதும் கட்டணப் போட்டி மூண்டது. மலிவான சீட்டைத் தேடிப் பயணிகள் நிறுவனம் மாறிக்கொண்டே இருந்தனர். அவர்களைத் தக்கவைக்கும் வழியாக, 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பயணி பறந்த தொலைவை மைல் கணக்கில் எழுதிவைத்து, போதிய மைல்கள் சேர்ந்தபின் இலவசச் சீட்டு வழங்கும் ஆட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் அதைப் பின்தொடர்ந்தது. 1987இல் சிட்டி வங்கியுடன் சேர்ந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு கடன் அட்டையை வெளியிட்டபோதுதான் திட்டத்தின் இயல்பே மாறியது. அதன்பின் மைல் சேர்க்க விமானத்தில் ஏற வேண்டியதில்லை. மளிகைக் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் அட்டையைத் தேய்த்தாலே போதும் என்றாயிற்று.

அந்த மைல்களை வங்கி எங்கிருந்து பெறுகிறது என்பதே இத்தொழிலின் மையமான கேள்வி. வங்கி அவற்றை விமான நிறுவனத்திடம் ரொக்கம் கொடுத்து மொத்தமாக வாங்குகிறது. அதற்கான பணம் வணிகர்களிடமிருந்து வருகிறது: அட்டையால் செலுத்தப்படும் ஒவ்வொரு தொகையிலிருந்தும் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 விழுக்காடு, பரிமாற்றக் கட்டணம் என்ற பெயரில், அட்டையை வழங்கிய வங்கிக்குப் போய்ச் சேர்கிறது. இதோடு ஆண்டுக் கட்டணமும், நிலுவையை முழுதாகச் செலுத்தாதவர்கள் கட்டும் வட்டியும் சேர்ந்தால், மைல்களை வாங்கிக் கொடுத்த பின்னும் வங்கிக்கு இலாபம் மிஞ்சும். விமான நிறுவனத்துக்கோ, பிற்காலத்தில் தானே நிர்ணயிக்கும் விலையில் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு நாணயத்தை அச்சிட்டு இன்றே ரொக்கத்துக்கு விற்கும் வசதி கிடைக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துடனான உடன்பாட்டால் மட்டும் டெல்டா ஏர்லைன்ஸ் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 740 கோடி டாலர் பெற்றது. கொரோனாத் தொற்றால் விமானங்கள் தரையிறங்கிக் கிடந்த 2020இல், யுனைடெட் தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியபோது, அத்திட்டத்தின் மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அந்த நேரத்தில் பங்குச்சந்தை யுனைடெட் நிறுவனம் முழுமைக்கும் அளித்த மதிப்பைவிட அது அதிகம். விமானங்களும் வழித்தடங்களும் பணியாளர்களும் இல்லாவிட்டால் அந்த மைலுக்கு ஏது மதிப்பு என்று கேட்கத் தோன்றினாலும், கடன் கொடுத்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. இந்தியாவில் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய பிறகும் அதன் புள்ளித் திட்டம் இன்டர்மைல்ஸ் என்ற புதுப் பெயரில் தொடர்ந்து இயங்கியதையும் இங்கே நினைவுகூரலாம்.

மைல்களுக்கும் (சில நிறுவனங்கள் இவற்றைப் புள்ளிகள் என்கின்றன) துணைப் பயணிக் கட்டணத்துக்கும் இடையே பயணி கவனிக்கத் தவறும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஒரு சீட்டுக்கு எத்தனை புள்ளிகள் என்பதை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் உயர்த்தலாம். இப்போது பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் நிலையான பட்டியலையே கைவிட்டு, தேவைக்கேற்ப ஏறியிறங்கும் புள்ளி விலைக்கு மாறிவிட்டதால், சேர்த்து வைத்த புள்ளிகள் நாளாக ஆகக் கரைகின்றன. துணைப் பயணிக் கட்டணமோ ரொக்க விலையோடு பிணைந்தது. சந்தையில் சீட்டு விலை ஏற ஏற, மாறாத தொகைக்குக் கிடைக்கும் இரண்டாம் சீட்டின் மதிப்பும் ஏறுகிறது. எனவே கிறிஸ்துமஸ், கோடை விடுமுறை போன்ற கூட்ட நாள்களில் புள்ளிகள் ஏமாற்றும் இடத்தில் இந்த உரிமை கைகொடுக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

சியாட்டிலைத் தலைமையிடமாகக் கொண்ட அலாஸ்கா ஏர்லைன்ஸின் அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாங்க் ஆஃப் அமெரிக்கா வழங்கும் அந்த அட்டையின் ஆண்டுக் கட்டணம் 95 டாலர். ஓராண்டில் அட்டையின் வழியாக 6,000 டாலர் செலவழித்தவருக்கு, அடுத்த ஆண்டில் பயன்படுத்த ஒரு துணைப் பயணிக் கட்டணம் வழங்கப்படுகிறது: அடிப்படைக் கட்டணம் 99 டாலர், வரிகளும் பிற கட்டணங்களும் 23 டாலரிலிருந்து தொடங்கும், ஆக மொத்தம் 122 டாலரிலிருந்து. பயன்படுத்தக்கூடாத நாள்கள் என்று எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஆனால் இருவரும் ஒரே பதிவில், ஒரே விமானங்களில் செல்ல வேண்டும். சியாட்டிலிலிருந்து ஹொனலுலு சென்று திரும்பும் சீட்டு ஒன்றின் விலை 450 டாலர் என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் சீட்டுக்கு 122 டாலரும் அட்டைக்கு 95 டாலரும் போக, மிச்சமாவது 233 டாலர். அதே உரிமையை 150 டாலர் சீட்டுள்ள குறுந்தொலைவுப் பயணத்தில் செலவழித்தால், ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்கையில் 67 டாலர் நட்டம். ஆக, இரண்டாம் சீட்டின் வழக்கமான விலை 217 டாலரைத் தாண்டினால்தான் இந்த அட்டையால் ஆதாயம் தொடங்குகிறது.

கணக்கு அத்துடன் முடிந்துவிடுவதில்லை. அந்த 6,000 டாலரை, செலவில் 2 விழுக்காட்டை ரொக்கமாகத் திருப்பித் தரும், ஆண்டுக் கட்டணமில்லாத வேறோர் அட்டையில் செலவழித்திருந்தால் 120 டாலர் கைக்கு வந்திருக்கும். அலாஸ்கா அட்டையில் சேரும் புள்ளிகள் அந்த இழப்பை ஓரளவே ஈடுசெய்யும். அதே நாளில் வேறொரு நிறுவனம் இருவரையும் தலா 280 டாலருக்கு அழைத்துச் செல்லுமானால், 450 டாலர் சீட்டோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட சேமிப்பு வெறும் தோற்றமாகிவிடும். துணைப் பயணிக் கட்டணத்தின் மதிப்பை அளக்கும் சரியான கோல், அந்த உரிமை இல்லாதிருந்தால் அவ்விருவரும் உண்மையில் எவ்வளவு செலவழித்திருப்பார்கள் என்பதே. விமான நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அடித்துக் காட்டப்படும் விலை அன்று.

சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் இதையே வேறு வடிவில், இன்னும் தாராளமாக வழங்குகிறது. ஒரு நாட்காட்டி ஆண்டுக்குள் 1,35,000 தகுதிப் புள்ளிகளை ஈட்டுபவர், அல்லது 100 ஒருவழிப் பயணங்களை முடிப்பவர், தமக்கென ஒரு துணைப் பயணியைப் பெயர் குறிப்பிட்டு நியமித்துக்கொள்ளலாம். அதன்பின் அவர் பறக்கும் ஒவ்வொரு முறையும், அவரது சீட்டு பணத்தால் வாங்கப்பட்டதாயினும் புள்ளிகளால் பெறப்பட்டதாயினும், துணைப் பயணி வரிகளை மட்டும் செலுத்தி உடன் வரலாம். உள்நாட்டில் அது ஒருவழிக்கு 5.60 டாலரிலிருந்து தொடங்குகிறது. தகுதி பெற்ற ஆண்டின் எஞ்சிய நாள்களுக்கும் அடுத்த ஆண்டு முழுமைக்கும் இந்த உரிமை செல்லும் என்பதால், காலக் கணிப்பே இதில் பெரும்பகுதி. டிசம்பரில் தகுதி பெற்றவருக்கு ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலமும், பிப்ரவரியில் பெற்றவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும் கிடைக்கின்றன. புதிதாக அட்டை எடுப்பவருக்கு, முதல் சில மாதங்களில் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தபின் தரப்படும் வரவேற்புப் புள்ளிகளும் இந்தத் தகுதிக் கணக்கில் சேர்வதால், விவரமறிந்தவர்கள் ஆண்டின் இறுதியில் அட்டைக்கு விண்ணப்பித்து, அந்தப் புள்ளிகள் ஜனவரிக்குப் பின் கணக்கில் ஏறுமாறு செலவைத் திட்டமிட்டுக்கொள்கிறார்கள். சில நாள்கள் முந்திவிட்டால் புள்ளிகள் பழைய ஆண்டுக்குப் போய், தகுதிக் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும்.

டெல்டாவின் உயர்நிலை அட்டைகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்போது ஒரு துணைப் பயணிச் சான்றை அளிக்கின்றன. ஆனால் அவற்றின் ஆண்டுக் கட்டணம் பல நூறு டாலர், மிக மலிவான அடிப்படை வகைச் சீட்டுகளுக்கு அந்தச் சான்று பொருந்துவதுமில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் துணைப் பயணிச் சீட்டில் வேறொரு சிக்கல் உண்டு: முதற் பயணி புள்ளிகளால் சீட்டுப் பெறும்போது துணைப் பயணிக்குப் புள்ளிகள் தேவையில்லை என்றாலும், வரிகளையும் நிறுவனம் தானே விதிக்கும் கூடுதல் கட்டணங்களையும் இருவருமே செலுத்த வேண்டும். இலண்டனிலிருந்து புறப்படும் நெடுந்தொலைவுப் பயணங்களில் அது நூற்றுக்கணக்கான பவுண்டுகளாக உயர்ந்துவிடும்.

ஏறத்தாழ இலவசமாக ஓர் இருக்கையைக் கொடுப்பதால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்ற ஐயம் இயல்பானதே. பொழுது சாய்ந்தபின் பூக்காரியின் கூடையில் நிற்கும் பூவைப்போல, விமானம் கிளம்பியபின் காலியாக இருக்கும் இருக்கைக்கு விலை ஏதுமில்லை. அதில் ஒருவரை ஏற்றிச் செல்லக் கூடுதலாக ஆகும் எரிபொருள் செலவும் சிறிதே. தனியாகப் போகவோ, போகாமலே இருக்கவோ எண்ணியிருந்தவரைத் துணையோடு கிளம்பச் செய்து, முதல் சீட்டை முழு விலைக்கு விற்பதே இதன் உள்நோக்கம். சலுகை காலாவதியாகப் போகிறதே என்ற பதைப்பில் புதிதாகப் பயணம் ஒன்றை உருவாக்கிக்கொள்பவர்களே நிறுவனத்தின் பார்வையில் சிறந்த வாடிக்கையாளர்கள். காலாவதியாக விட்டுவிடுபவர்கள் அவர்களினும் சிறந்தவர்கள்.

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஓர் அட்டை ஒரே ஒரு துணைச் சீட்டைத்தான் தரும் என்பதால், கணவனும் மனைவியும் தனித்தனி அட்டை எடுத்து, ஒவ்வொருவரும் ஒரு குழந்தையைத் துணைப் பயணியாகப் பதிவுசெய்வது வழக்கம். அப்போது இரு ஆண்டுக் கட்டணங்களும் இரு செலவு வரம்புகளும் வந்து சேர்கின்றன என்பதை மறந்துவிடலாகாது. இவை எல்லாவற்றையும்விட முதன்மையானது நிலுவை. அமெரிக்கக் கடன் அட்டைகளின் வட்டி அண்மை ஆண்டுகளில் சராசரியாக 20 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. 6,000 டாலரை ஓராண்டு நிலுவையில் வைத்திருப்பவர் கட்டும் வட்டி 1,200 டாலருக்கு மேல் போகும்போது, 233 டாலர் சேமிப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிட முடியாதவர்களுக்கு இந்த அட்டைகள் உரியவை அல்ல.

பரிமாற்றக் கட்டணத்தை வணிகர்கள் தம் கையிலிருந்து தருவதில்லை. பொருள்களின் விலையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த உயர்ந்த விலையை, அட்டையே இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் செலுத்துகிறார், ஆனால் அவருக்கு மைல் எதுவும் சேர்வதில்லை. பாஸ்டன் நகரிலுள்ள ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ரொக்கம் பயன்படுத்தும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலரை இவ்வழியில் இழக்க, அட்டை பயன்படுத்தும் சராசரிக் குடும்பத்துக்கு 1,133 டாலர் வந்து சேர்கிறது. ரொக்கத்தை நம்பியிருப்போரில் வருமானம் குறைந்தவர்களே மிகுதி என்பதால், ஹொனலுலு செல்லும் இரண்டாம் இருக்கையின் விலையில் ஒரு பகுதியை, விமானத்தில் ஏறும் வாய்ப்பே இல்லாத ஒருவர் அரிசியும் சோப்பும் வாங்கும்போது கட்டிவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் நுகர்வோர் கடன் அட்டைகளின் பரிமாற்றக் கட்டணத்துக்கு 0.3 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்தது. ஆஸ்திரேலியாவில் 2003 முதலே கட்டுப்பாடு உண்டு. அங்கெல்லாம் அட்டைச் சலுகைகள் அமெரிக்க அளவுக்குச் செழிக்காததற்கு இது முக்கியக் காரணம்.

அமெரிக்காவில் அத்தகைய உச்சவரம்பு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக டெபிட் அட்டைகளுக்கு மட்டுமே வந்தது. கடன் அட்டைகள் தப்பிவிட்டன. 2024 செப்டம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை, அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் ஆகிய நான்கு நிறுவனங்களின் புள்ளித் திட்டங்கள் பயணிகளை நேர்மையாக நடத்துகின்றனவா என்று விளக்கம் கேட்டது. அதே மாதத்தில் அலாஸ்கா, ஹவாயன் ஏர்லைன்ஸை வாங்கியபோது, இரு நிறுவனங்களின் மைல்களும் மதிப்புக் குன்றாமல் பாதுகாக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் அத்துறை விதித்தது. கடன் அட்டைகளைச் செயல்படுத்தும் வலையமைப்புகளுக்கிடையே போட்டியை உண்டாக்கிப் பரிமாற்றக் கட்டணத்தைக் குறைக்கும் நோக்குடன் 2022இல் செனட் அவையில் முன்வைக்கப்பட்ட மசோதாவை வங்கிகளுக்கு நிகராக விமான நிறுவனங்களும் எதிர்க்கின்றன. அது நிறைவேறினால் பயணிகளின் மைல்கள் பறிபோகும் என்பது அவை சொல்லும் காரணம். அந்த மைல்களை வங்கிகளுக்கு விற்றுப் பெறும் தொகையும் கூடவே சுருங்கும் என்பது அவை அவ்வளவு உரக்கச் சொல்லாத காரணம்.