விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது?

தலைவலி மாத்திரை தலைக்கும் முழங்கால்வலி மாத்திரை முழங்காலுக்கும் நேரே போவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. எல்லா மாத்திரைகளும் ஏறக்குறைய ஒரே வழியாகச் சென்று, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் பரவுகின்றன. அவ்வழியை அறிந்தால், "வெறும் வயிற்றில்", "சாப்பிட்ட பின்" என்று மருத்துவர் சீட்டில் எழுதுவதன் பொருள் நமக்கு விளங்கும்.

மாத்திரை முதலில் இரைப்பையில் ஊறி உடைகிறது. அங்குள்ள அமிலத்தைத் தாங்காத மருந்துகளுக்கு மேலே ஓர் உறை பூசியிருப்பார்கள். பாட்டிக்கு விழுங்கச் சிரமம் என்று அதைப் பொடித்துக் கொடுத்தால் உறை பயனற்றுப் போகும். இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துவிடும். ஆகவேதான் அதை ஊசியாகப் போடுகிறார்கள்.

கரைந்த மருந்தில் பெரும்பகுதி சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள இக்குடலின் உட்சுவரில், பூத்துவாலையின் நூல் கண்ணிகளைப் போல, எண்ணற்ற குடலுறிஞ்சிகள் உள்ளன. இவற்றின் வழியே இரத்தத்தில் சேரும் மருந்து உடனே இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலை ஒரு செக்போஸ்ட் எனலாம். மருந்தில் ஒரு பகுதியை அது மாற்றிவிடும். எஞ்சியதே உடலெங்கும் பரவும். நெஞ்சுவலிக்குரிய நைட்ரோகிளிசரினை விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே அழிந்துவிடும். எனவே அதை நாக்கினடியில் வைத்துக் கரைக்கச் சொல்கிறார்கள்.

நம் ஊரிலிருந்து ஈரோடு செல்லும் வழியில், பெருந்துறையில் சானடோரியம் என்ற பெயரைக் கேட்டிருப்போம். ஒரு காலத்தில் காசநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து மாதக்கணக்கில் தங்கவைத்த இடம் அது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை இவையின்றி அந்நோய் குணமாகாது என்று நம்பிய காலம். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஐசோநியாசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு விழுங்கக் கொடுத்தது. முடிவு 1959-ல் வெளிவந்தது. எளிய உணவுண்டு, வீட்டு வேலையும் பார்த்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்திருந்தனர்! வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளைப் பிரியாமல் பிழைத்திருப்பார்கள்!

அந்த ஐசோநியாசிட்டைச் சிலருடைய கல்லீரல் விரைவாகவும் சிலருடையது மெதுவாகவும் மாற்றுகிறது. இது பிறவியிலேயே அமைவது. அதனால் ஒருவருக்கு எழுதிய மருந்தை, அதே நோய் என்று மற்றவர் வாங்கி விழுங்கக் கூடாது.

இனி நம் வீட்டுப் பழக்கத்துக்கு வருவோம். பனியன் கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில் வலி மாத்திரையை வெறும் டீயோடு போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் பலர். அம்மாத்திரைகளில் பல, வெறும் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டபின் போடவேண்டும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசினோ இதற்கு நேர்மாறு. உணவோடு சேர்ந்தால் அது குறைவாகவே உறிஞ்சப்படும். டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால், பாலின் கால்சியம் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே விடாது. மாணவியராகிய நமக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கு டீதான் பகை. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரோடு விழுங்கி, ஒரு நெல்லிக்காயையும் கடித்துக்கொள்ளலாம். டீ ஓரிரு மணி நேரம் காத்திருக்கட்டும்.