கல்லூரி காணச் செல்லும் குடும்பங்களுக்கு

சென்னையிலிருந்து சூலூர்பேட்டை செல்லும் புறநகர் இரயில், கும்மிடிப்பூண்டியையும் ஆரம்பாக்கத்தையும் கடந்தபின் தடா நிலையத்தில் நிற்கின்றது. இடையில் மாநில எல்லை ஒன்று கடந்து போயிருக்கும். பயணிகளில் பெரும்பாலோர் அதனை உணர்வதில்லை. கிழக்கே பழவேற்காட்டு ஏரியிலிருந்து வரும் காற்று இரு புறத்துக்கும் பொது. கடைப் பலகையின் எழுத்து மாறுகிறதேயன்றி, கடைக்காரர் இரு மொழியிலும் விலை சொல்லுகிறார். நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

இத்தடாவிலும், இதைப்போலவே பெங்களூரிலும் மும்பையிலும் நாகபுரியிலும் வாழுகின்ற தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைக்குப் பதினாறு வயது நிரம்பியதும் ஒரு கேள்வி எழுகின்றது: அடுத்து எந்தக் கல்லூரி? நம்மவர் வழக்கம் யாது? உறவினர் ஒருவர் சொன்னதையும், நாளிதழில் முழுப் பக்கத்தில் வந்த விளம்பரத்தையும் நம்பி விண்ணப்பம் அனுப்புகிறோம். கல்லூரியின் வாயிலை முதன்முதலாகக் காண்பது, கட்டணம் செலுத்த வரும் நாளன்றுதான். திருமணத்துக்கு முன் பெண் வீட்டைப் பத்து முறை விசாரிக்கும் நாம், பிள்ளை நான்கு ஆண்டு வாழப்போகும் இடத்தை ஒருமுறையேனும் பார்ப்பதில்லை. அமெரிக்க நாட்டில், படிக்கும் மாணவர்களே வழிகாட்டிகளாக நின்று, வரும் குடும்பங்களுக்குக் கல்லூரி முழுவதையும் சுற்றிக் காட்டும் வழக்கம் உண்டு. அது செல்வந்தர் நாட்டு வழக்கம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் தவறான இடத்தில் செலுத்திவிட்ட முதலாண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால், இரண்டு மூன்று நாட் பயணச் செலவு மிகச் சிறியது. பணம் குறைவாக உள்ள குடும்பத்துக்குத்தான் இப்பயணம் அதிகம் தேவை.

பயணச் சீட்டு வாங்குவதற்கு முன்பாகத் தெளிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பலர் இதனைக் காலங் கடந்தே அறிகின்றனர். ஒரு கல்லூரி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது வேறு. அதன் கதவு நம் பிள்ளைக்கு எவ்வளவு திறந்துள்ளது என்பது வேறு. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் சரிபாதி இடங்கள் கழகம் அமைந்துள்ள மாநிலத்தவர்க்கு உரியவை. அம்மாநிலத்தவர் யார் என்பதைத் தாய்மொழி கொண்டோ, பிறந்த ஊர் கொண்டோ முடிவு செய்வதில்லை. 12-ஆம் வகுப்புத் தேர்வில் எந்த மாநிலத்தில் தேறினாரோ, அதுவே அவர் மாநிலம். தடாவில் இண்டர்மீடியட் தேறிய தமிழ்ப் பிள்ளைக்குத் திருச்சிராப்பள்ளிக் கழகம் வெளிமாநிலக் கழகம். தாடேபள்ளிகூடத்தில் உள்ளதே சொந்த மாநிலக் கழகம். பெங்களூரில் தேறியவர்க்குச் சூரத்கல்லும், மும்பையில் தேறியவர்க்கு நாகபுரியும் அவ்வாறே. 'நாம் தமிழர், திருச்சியில் நமக்கு முன்னுரிமை இருக்கும்' என்று எண்ணிக்கொண்டு புறப்படும் தந்தையர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

மாநில அரசின் கல்லூரிகளுக்கு விதி வேறு. ஆந்திரத்தில், 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் வழி, 85 விழுக்காடு இடங்கள் அந்தந்தப் பல்கலைக்கழகப் பகுதியின் உள்ளூர் மாணவர்க்கு ஒதுக்கப்படுகின்றன. தகுதித் தேர்வோடு முடியும் 4 ஆண்டுகளைத் தொடர்ச்சியாக அப்பகுதியிலேயே படித்தவர் உள்ளூர் மாணவராகக் கருதப்படுவர். தடா, ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகப் பகுதியைச் சேர்ந்தது. எஞ்சிய 15 விழுக்காட்டிலும் வெளிமாநிலத்தார்க்கு நிபந்தனைகள் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையோ நுழைவுத் தேர்வின்றி, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் கொண்டு நடைபெறுகிறது. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்க்குப் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டுவதில்லை. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டினர் அச்சான்றிதழைக் காட்ட வேண்டும்.

இவ்விதிகள் ஒரே வீட்டில் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். தடாவில் வாழும் குடும்பத்தில் அண்ணன் உள்ளூரிலேயே இண்டர்மீடியட் படிக்கிறான். தங்கையைத் தமிழ் நன்கு பயிலட்டும் என்று, இரயிலில் சில நிமிடத் தொலைவிலுள்ள எல்லைக்கு அப்பால் மேல்நிலைப் பள்ளியில் 11-ஆம் வகுப்பில் சேர்க்கின்றனர். ஒரே அடுப்பில் சமைத்த சோற்றை உண்ணும் இருவரில், அண்ணன் ஆந்திர மாணவன், தங்கை தமிழ்நாட்டு மாணவி ஆகிவிடுகின்றனர். தங்கைக்குத் திருச்சிராப்பள்ளிக் கழகத்தில் சொந்த மாநிலப் பங்கு கிடைக்கிறது. திருப்பதியின் உள்ளூர்ப் பங்கு, தொடர்ந்த 4 ஆண்டுப் படிப்பு முறிந்ததால், ஐயத்துக்குரியதாகிறது. இதில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. 10-ஆம் வகுப்பு முடியும்போதே எண்ணிச் செய்தால் நன்மை. அறியாமற் செய்தால் இழப்பு. சத்தியவேட்டுப் பகுதிக் குடும்பங்களின் நிலை இன்னும் விந்தையானது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. அம்மக்கள் எங்கும் குடிபெயரவில்லை, எல்லைதான் குடிபெயர்ந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று சான்றிதழுக்காக இரு மாநில அலுவலகங்களின் படிகளையும் ஏறுகின்றனர்.

கதவுகள் எவையெனத் தெளிந்தபின் புறப்படலாம். தடாவிலுள்ளோர்க்கு மூன்று பகற்பயணங்கள் போதுமானவை. எங்கும் இரவு தங்க வேண்டுவதில்லை.

முதலாவது மிக அருகில். தடாவுக்கு மேற்கே ஸ்ரீசிட்டி என்னும் பெருந்தொழில் நகரம் 2008 முதல் வளர்ந்து வருகிறது. அதனுள் 2013-இல் தொடங்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. மத்திய அரசும் மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் 50, 35, 15 என்னும் விகிதத்தில் முதலீடு செய்யும் முறையில் அமைந்த கழகம் இது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்பதால், அண்டை வீட்டார் என்ற சலுகை இதில் எவர்க்கும் இல்லை, ஜே.இ.இ. தேர்வின் தரவரிசையே கணக்கு. அதே நகரத்தில் 2018-இல் தோன்றிய கிரியா பல்கலைக்கழகம் தனியார்க்குரியது, அங்கேயே தங்கிப் பயிலும் முறையினது, கட்டணம் உயர்ந்தது. அதனையும் பிள்ளை பார்க்கட்டும் என்றே சொல்லுவோம். அடுத்தடுத்து அமைந்த இரு வளாகங்களைக் கண்டால், கட்டணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பது ஒரே நாளில் விளங்கும்.

இரண்டாவது பயணம் திருப்பதிக்கு. தடாவிலிருந்து வரதையபாளையம் வழியாகத் திருக்காளத்திக்குச் சாலை செல்கிறது. அங்கிருந்து திருப்பதி செல்லும் வழியில் ஏர்ப்பேடு. இங்கே இரு பெருங் கல்விக்கூடங்கள் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் 2015-இல் பிறந்த திருப்பதி ஐ.ஐ.டி. ஒன்று, அதே ஆண்டில் தொடங்கிய இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனமாகிய ஐசர் மற்றொன்று. பொறியியல் ஒன்றே கல்வி என்று நினைக்கும் பெற்றோர் ஐசரை அவசியம் காண வேண்டும். இயற்பியலிலோ உயிரியலிலோ ஆர்வமுடைய பிள்ளைக்கு அதுவே தக்க இடம். அதற்கென நுழைவுத் தேர்வு தனியாக நடக்கிறது. இவ்விரண்டு வாயில்களிலும் முன்னறிவிப்பின்றிச் சென்றால் காவலர் திருப்பி அனுப்பக்கூடும். ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி இசைவு பெற்று, அதன் படியையும் அடையாள அட்டையையும் கையிற் கொண்டு செல்வது நலம்.

திருப்பதி நகரமோ கல்வி நிலையங்களின் காடு. மலையடிவாரத்தில், தேவஸ்தானம் அளித்த நிலத்தில், 1954-இல் தொடங்கப்பெற்றது ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம். முந்தைய ஆண்டில் ஆந்திர மாநிலம் உருவானபோது, பல்கலைக்கழகம் வடக்கே வால்டேரில் மட்டும் இருந்தது. இராயலசீமை மக்களின் நெடுநாள் வேண்டுகோளை நிறைவேற்ற இது எழுந்தது. பெண்களுக்கென 1983-இல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் அமைந்தது. 1961-இல் வித்யாபீடமாகத் தோன்றிய வடமொழிக் கல்விக்கூடம், 2020 முதல் மத்தியப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. தேவஸ்தானமே நடத்தும் கலைக்கல்லூரி 1945-ஆம் ஆண்டினது. இவையெல்லாம் பழைய வளாகங்கள், மரநிழல் உண்டு, கட்டடங்கள் சில பழுதுபட்டிருக்கலாம். சுவரின் வண்ணத்தைக் கண்டு மதிப்பிட வேண்டா. தமிழிலேயே உயர்கல்வி கற்க விழைவோர், மூன்று மாநில எல்லைகள் கூடும் குப்பத்தில் 1997-இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகத்தையும் நினைவிற் கொள்ளலாம்; சென்னை-பெங்களூர் இருப்புப்பாதை அவ்வழியே செல்கிறது.

மூன்றாவது சென்னை. காலை இரயிலில் புறப்பட்டால் மாநிலக் கல்லூரி, இராணி மேரி கல்லூரி, கிண்டிப் பொறியியற் கல்லூரி ஆகிய மூன்றையும் கண்டு மாலையில் திரும்பிவிடலாம். தடாவிலிருந்து நாள்தோறும் சென்று வந்து படிக்க இயலுமா என்பதையும் அன்றே சோதித்து அறியலாம். வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, நிற்க இடமாவது உண்டா, வீடு திரும்பியபின் பிள்ளை புத்தகத்தை எடுக்கும் நிலையில் உள்ளதா என்பவற்றைக் கால அட்டவணை சொல்லாது.

செலவைப் பற்றிச் சிறிது. ஆந்திரத்தில் 2025 ஆகஸ்டு 15 முதல், அம்மாநிலத்து அடையாள அட்டை உடைய பெண்கள் அரசுச் சாதாரணப் பேருந்துகளிலும் எக்ஸ்பிரஸ் பேருந்துகளிலும் மாநில எல்லைக்குள் கட்டணமின்றிச் செல்லலாம். தாயும் மகளும் திருப்பதி சென்று வர இது பெரிதும் உதவும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2024 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்ட அண்ணா கேன்டீன்களில் ஒருவேளை உணவு 5 ரூபாய். (பெயரைக் கண்டு நம் அறிஞர் அண்ணா என்று மகிழ்வோர் உண்டு, அங்கே அச்சொல் என்.டி.ராமராவைக் குறிக்கும்.) சென்னையில் அம்மா உணவகங்கள் உள்ளன. ஆயினும் ஒருவேளை உணவையாவது கல்லூரியின் உணவகத்தில் காசு கொடுத்து உண்ணுங்கள். அச்செலவு வீணன்று; பிள்ளை நாள்தோறும் உண்ணப்போவது அதுவே.

போகும் காலம் முக்கியம். மே மாதத்தில் செல்வோர் பூட்டிய வகுப்பறைகளையும், வரவேற்பறையில் சிரிக்கும் அலுவலரையுமே காண்பர். வகுப்புகள் நடக்கும் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, வார நாளில் செல்ல வேண்டும். அலுவலகத்தில் கேட்க வேண்டியவை: கல்விக் கட்டணத்துக்கு அப்பால் விடுதிக்கும் தேர்வுக்கும் ஆய்வகத்துக்கும் எவ்வளவு, வைப்புத்தொகை எவ்வளவு, இடையில் விலகினால் திரும்பக் கிடைப்பது எவ்வளவு, உதவித்தொகை வெளிமாநிலத்தில் படித்தவர்க்கும் உண்டா. இவற்றின் விடையை அச்சிட்ட தாளில் கேட்டுப் பெறுங்கள்.

மற்றவற்றை அலுவலகத்தில் அறிய முடியாது. இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் பிள்ளையே சென்று, "அண்ணா, கோடையில் விடுதியில் தண்ணீர் வருகிறதா? ஆசிரியர் இல்லாத பாடம் எது?" என்று கேட்கட்டும். தந்தை பத்தடி விலகி நிற்பது நல்லது. முதலாண்டு மாணவர்க்கு இன்னும் எதுவும் தெரியாது. இறுதியாண்டு மாணவர்க்கு எல்லாவற்றின்மீதும் சலிப்பு வந்திருக்கும். நூலகம் இரவு எத்தனை மணிவரை திறந்துள்ளது என்று பாருங்கள்; கழிப்பறையைப் பாருங்கள்; பேருந்து நிறுத்தத்திலிருந்து மகளிர் விடுதி வரை மாலையில் நடந்து பாருங்கள்; விளக்கு எங்கெங்கே இல்லை என்பது தெரியும். தெலுங்கு பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளைகள் நம்மில் பலர். வகுப்பு ஆங்கிலத்தில் நடைபெறினும், ஆசிரியர் விளக்கம் எம்மொழியில் அமைகிறது என்பதை, இசைவு பெற்று ஒரு மணி நேரம் பின்வரிசையில் அமர்ந்தால் அறியலாம்.

திரும்பும் வண்டியில் உடனே தீர்ப்புக் கேட்க வேண்டா. ஒரு குறிப்பேட்டில் பிள்ளை ஒரு பக்கமும் பெற்றோர் மறுபக்கமும், கண்டவற்றைத் தனித்தனியே எழுதிவைத்து, மூன்று பயணங்களும் முடிந்தபின் ஒருவர் பக்கத்தை மற்றவர் படிக்கலாம். தந்தை கட்டணத்தை எழுதியிருப்பார். மகள், ஆய்வகத்தில் ஒரு பேராசிரியை தனக்கு நுண்ணோக்கியைத் திருப்பிக் காட்டியதை எழுதியிருப்பாள். விண்ணப்பங்களை நிரப்புவதற்கு முன், அவ்விரு பக்கங்களையும் ஒருசேர வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு மாலைப்பொழுது பேச வேண்டியிருக்கும்.