கடன்பட்டவரும் கணக்குப் புத்தகமும்

"வங்குரோத்து" என்னும் சொல்லைக் கேட்டதும் மானமுள்ள குடும்பங்கள் நடுங்குகின்றன. கொட்டாஞ்சேனையில் சிறு கடை நடத்தும் ஒருவருக்குக் கடன் தலைக்கு மேற்போனால், இரவோடிரவாக ஊரைவிட்டுப் போவதே வழியென எண்ணக்கூடும். ஆயின், நடந்தே செல்லும் தொலைவிலுள்ள புதுக்கடை நீதிமன்றத்தை அவர் மறந்துவிடுகிறார்.

கடன் தீர்க்க இயலாதவர்களுக்கென 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஒரு முறையை வகுத்தது. அதன்படி, கடனாளி தாமாகவே மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். கடன் கொடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். நொடித்தவரென மன்று தீர்மானித்ததும் அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வெளிவரும். அவருடைய சொத்துக்கள் ஒரு பொறுப்பாளரின் கைக்கு மாறும். விற்றுவந்த பணம் கடன் கொடுத்தோருக்கு விகிதப்படி பங்கிடப்படும்.

கடனாளி மன்றிலே நின்று விடை பகரவும் வேண்டும். பணம் எங்கே போயிற்று? கணக்கு எங்கே? உறவினர் பெயருக்கு எதையேனும் மாற்றினீரா?

முடிவிலே வழங்கப்படும் சான்றிதழே விடுதலை. அதற்கு மூன்று தரங்கள் வகுக்கப்பட்டன. தவிர்க்கவியலா நட்டத்தால் வீழ்ந்தவருக்கு முதலாந்தரம், ஓரளவே அவ்வாறாயின் இரண்டாந்தரம், அதுவுமன்றேல் மூன்றாந்தரம். விடுதலை பெறாதவர் பாராளுமன்ற உறுப்பினராக இயலாதென 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் விதித்தது.

மாணவர்களே, இதிலுள்ள நீதியைக் கவனியுங்கள். வீழ்ந்தாரா என்பதைவிட, எவ்வாறு வீழ்ந்தார் என்பதையே சட்டம் கேட்டது. கடை நொடிந்த நாளில் தந்தைக்குத் துணைநிற்பது ஒளித்துவைத்த நகையன்று. நாள்தோறும் அவர் எழுதிவைத்த கணக்குப் புத்தகமே.